சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகள்: யாருக்கு எது பொருந்தும்?

“முழங்கால் வீங்கியிருக்கிறது. ஐபுபுரோஃபென் போடலாமா, நாப்ராக்சன் போடலாமா? எதற்குப் பவர் அதிகம்?” வலி மாத்திரை பற்றி வரும் கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான். பவரைப் பற்றிய பதில் சின்னது. உரிய அளவில் எடுத்தால், அழற்சியைக் குறைக்கும் இந்த மாத்திரைகளுக்குள் வலியைத் தணிக்கும் திறனில் பெரிய வேறுபாடு கிடையாது. எவ்வளவு நேரம் தாங்கும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும், நீங்கள் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளோடு எப்படி மோதும் என்பவற்றில்தான் அவை ஒன்றுக்கொன்று விலகுகின்றன. ஆகவே மருந்தை எடைபோடும் முன் எடுத்துக்கொள்பவரை எடைபோட வேண்டும்.

இங்கே ஒப்பிடுவது ஐந்தை: ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஜெல், பாராசிட்டமால். கடைசியாக இருப்பது அழற்சி எதிர்ப்புக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. ஆனாலும் பலருக்குச் சரியான விடை அதுவாக இருப்பதால் அதை விட்டுவிட்டு ஒப்பிட முடியாது. அளவுகள் எல்லாம் வளர்ந்தவர்களுக்கானவை. எது சீட்டில்லாமல் கிடைக்கும், எவ்வளவு வரை எடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் பெட்டியில் இதைவிடக் குறைந்த அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

அடிபட்ட இடத்தில் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. வீக்கம், சூடு, வலி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அவற்றில் பங்குண்டு. அவற்றைத் தயாரிக்கும் காக்ஸ் நொதியை அடைப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை. சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன, சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயை விரித்து வைக்கின்றன. வலியை நிறுத்தும்போது இந்தக் காவலும் சேர்ந்தே நிற்கிறது. பக்கவிளைவு என்று நாம் தனியாகப் பிரித்துச் சொல்வது, மருந்தின் அதே செயல் வேறொரு இடத்தில் நடப்பதுதான்.

அதனால் பார்க்க வேண்டியவை இவை: வலியில் வீக்கம் உண்டா? வலி கைக்கு எட்டும் ஓரிடத்திலா, உடல் முழுக்கவா? எத்தனை மணி நேரம், எத்தனை நாள் தேவைப்படும்? வயிறு, சிறுநீரகம், இதயம் எப்படி இருக்கின்றன? தினமும் எடுக்கும் மருந்துகள் எவை?

## முதலில் யார் விலக வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், ஆஸ்பிரின் மூன்றையும் மருத்துவரைக் கேட்காமல் வலிக்காக எடுக்க வேண்டாம்.

- முன்பு எப்போதாவது வயிற்றுப்புண் அல்லது குடலில் ரத்தக்கசிவு இருந்திருந்தால்.
- சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால், இதயச் செயலிழப்பு இருந்தால், மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால். இதய பைபாஸ் அறுவைக்குச் சற்று முன்பும் பின்பும் இவை அறவே கூடாது.
- வார்ஃபரின், அபிக்சாபான், ரிவராக்சபான், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்தால்.
- வலி மாத்திரை போட்டு மூச்சிரைப்பு, முகவீக்கம், தடிப்பு வந்த அனுபவம் இருந்தால். ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்புண்டு.
- கர்ப்பத்தில் 20 வாரம் தாண்டியிருந்தால். குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். 30 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் இதயத்தருகே உள்ள முக்கியமான ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் சேர்கிறது.
- டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும் நேரத்தில் ரத்தக்கசிவை இவை மோசமாக்கும்.
- வாந்தி, பேதி, கடும் வியர்வையால் உடலில் நீர் வற்றியிருந்தால்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் கவனிக்காமல் போகிறார்கள். நீர் வற்றும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தைத் தக்கவைக்க முழுக்க புரோஸ்டாகிளாண்டினையே நம்பியிருக்கும். அந்த நேரத்தில் அதை நிறுத்தினால் நல்ல சிறுநீரகமும் சில நாட்களில் தடுமாறும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் போல “ப்ரில்” என்று முடியும் மருந்து, அல்லது லோசார்டன், டெல்மிசார்டன் போல “சார்டன்” என்று முடியும் மருந்து ஒன்று, அதோடு சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்று, மூன்றாவதாக வலி மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் வரும் வழி சுருங்குகிறது, வெளியேறும் வழி விரிகிறது, ரத்தத்தின் மொத்த அளவும் குறைகிறது. வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தம் விழுந்துவிடும். பல ரத்த அழுத்த மாத்திரைகளில் முதல் இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால், தான் மூன்று மருந்து எடுப்பதே எடுப்பவருக்குத் தெரிவதில்லை.

## ஒரே பார்வையில்

| மருந்து | ஒரு வேளை | இடைவெளி | 24 மணி நேர உச்ச அளவு | முதலில் அடிபடுவது |
|---|---|---|---|---|
| ஐபுபுரோஃபென் | 200–400 மி.கி. | 6–8 மணி நேரம் | 1200 மி.கி. | வயிறு, சிறுநீரகம் |
| நாப்ராக்சன் சோடியம் | 220 மி.கி. | 8–12 மணி நேரம் | 660 மி.கி. | வயிறு, சிறுநீரகம் |
| ஆஸ்பிரின் | 300–650 மி.கி. | 4–6 மணி நேரம் | 4000 மி.கி. | வயிறு, ரத்தக்கசிவு |
| டைக்ளோஃபெனாக் ஜெல் 1% | கை மூட்டுக்கு 2 கிராம், கால் மூட்டுக்கு 4 கிராம் | நாளுக்கு 4 முறை வரை | எல்லா மூட்டுக்கும் சேர்த்து 32 கிராம் | தோல் |
| பாராசிட்டமால் | 500–1000 மி.கி. | 4–6 மணி நேரம் | 4000 மி.கி. | கல்லீரல் |

உச்ச அளவு என்பது எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு ஆகாது. வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள். மருத்துவரிடம் போகாமல் தொடர வலிக்கு 10 நாள், காய்ச்சலுக்கு 3 நாள் என்பது பொதுவான எல்லை.

## ஐபுபுரோஃபென்

ரத்தத்தில் இதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். சீக்கிரம் வந்து சீக்கிரம் போவது இதன் பலம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடல் விரைவில் அதைக் கழித்துவிடும். ஒரு வேளைக்கு 4 முதல் 6 மணி நேரம் பலன் கிடைக்கும். பல்வலி, மாதவிடாய் வலி, சுளுக்கு, காரணம் தெரிந்த காய்ச்சலோடு வரும் உடல்வலி என்று சில நாட்களில் முடியும் வலிகளுக்கு முதலில் இதை யோசிக்கலாம்.

மாதவிடாய் வலியில் இந்தக் குடும்பம் பாராசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்யும். கருப்பையை இறுக்கிப் பிடிப்பதே புரோஸ்டாகிளாண்டின் என்பதால், வலியின் மூலத்திலேயே கை வைக்கிறது. வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்தால் பலன் குறையும். ரத்தப்போக்கோ வலியோ தொடங்கிய உடனே ஆரம்பித்து, முதல் 2, 3 நாட்கள் 6–8 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுத்திவிடலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு, இதயத்துக்காகத் தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு. இரண்டு மருந்தும் தட்டணுவில் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுகின்றன. ஆஸ்பிரின் உட்கார்ந்தால் அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க எழுந்திருக்காது. ஐபுபுரோஃபென் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோகும். அது முதலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் இடம் கிடைக்காமல், ரத்தத்தில் இருந்து கழிந்துபோகிறது. மாத்திரை விழுங்கியும் இதயத்துக்குப் பாதுகாப்பு இல்லை. சாதாரண, பூச்சில்லாத ஆஸ்பிரின் என்றால், அதை எடுத்துக் குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுபுரோஃபென் எடுக்கலாம், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கும் மேல் முன்பே எடுத்திருக்க வேண்டும். குடலில் கரையும் பூச்சுள்ள ஆஸ்பிரின் மெதுவாக வெளிவருவதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. என்றைக்காவது ஒரு வேளை எடுத்தால் பெரிய கேடில்லை. தினமும் தேவைப்பட்டால் இந்த மருந்தே வேண்டாம், மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

## நாப்ராக்சன்

ஒரே வேளை 8 முதல் 12 மணி நேரம் தாங்குவதுதான் இதை எடுப்பதற்கான காரணம். இரவில் வலியால் விழித்துக்கொள்பவர், பகலில் நாலைந்து முறை மாத்திரை தேடிக்கொண்டிருக்க முடியாதவர் இருவருக்கும் இது ஐபுபுரோஃபெனைவிட வசதி. முதல் வேளைக்கு மட்டும் 440 மி.கி. வரை எடுக்கலாம். அதன் பிறகு 220 மி.கி. போதும். 220 மி.கி. நாப்ராக்சன் சோடியமும் 200 மி.கி. நாப்ராக்சனும் ஒன்றுதான், மீதி உப்பின் எடை. 250, 500 என்ற எண்களோடு இருப்பவை மருத்துவர் சீட்டுக்கான அளவுகள். வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்து மிஞ்சிய அட்டையிலிருந்து எடுத்துப் போடும்போது இந்த எண்ணைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

நீண்ட நேரம் தாங்குவதற்கு விலை உண்டு. இரைப்பையின் காவலும் அவ்வளவு நேரம் விலகியே இருக்கும். வழக்கமான அளவுகளில் ஐபுபுரோஃபெனைவிட நாப்ராக்சனில் குடல் ரத்தக்கசிவு அதிகம். இதயத்தின் பக்கம் பார்த்தால், அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இந்தக் குடும்பத்தின் மற்றவற்றைவிட இது சற்றே நல்ல பெயர் எடுத்திருக்கிறது. அதற்காக இதய நோயாளிக்குப் பாதுகாப்பான மாத்திரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பிரின் அல்லாத இவ்வகை மாத்திரைகள் எல்லாவற்றிலும், முதல் சில வாரங்களிலேயே மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

வயிறு பலவீனமானவர், 65 வயதைத் தாண்டியவர் என்றால் இந்தப் பட்டியலில் நாப்ராக்சனுக்கு நாங்கள் கடைசி இடம்தான் கொடுப்போம்.

## ஆஸ்பிரின்

வலிக்காக என்றால் இன்று இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைவு. வலி தணிய 300 மி.கி.க்கு மேல் வேண்டும். அந்த அளவில் வயிறு மற்றவற்றைவிட அதிகம் சிரமப்படும். தட்டணுக்களை நிரந்தரமாக முடக்குவதால், நிறுத்திய பிறகும் புதிய தட்டணுக்கள் வந்து நிரம்ப 7 முதல் 10 நாட்கள் ஆகும். பல் பிடுங்கும் முன்போ அறுவைக்கு முன்போ ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இதனால்தான். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் ரேய் நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய ஆபத்து உண்டு.

இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த 75–100 மி.கி. ஆஸ்பிரின் வேறு கணக்கு. தலைவலி மாத்திரையோடு குழப்பிக்கொண்டு அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

## டைக்ளோஃபெனாக் ஜெல்

முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டு போல தோலுக்கு அருகில் உள்ள ஓரிட வலிக்கு, மாத்திரையை எடுக்கும் முன் இதைத்தான் முயன்று பார்க்க வேண்டும். மாத்திரையாக எடுத்தால் ரத்தத்தில் சேரும் மருந்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ஜெல் வழியே சேர்கிறது. சுளுக்கு போன்ற திடீர் தசை, மூட்டுக் காயங்களுக்கு (கீழ்முதுகு தவிர) தடவும் மருந்தையே முதல் தேர்வாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2020-இல் பரிந்துரைத்தது.

பலன் இல்லை என்று கைவிடுபவர்களில் பெரும்பாலோர் போதுமான அளவு தடவுவதில்லை. பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் முழங்காலுக்கு எட்டாது. ஒரு முழங்காலுக்கு 4 கிராம், நாளுக்கு 4 முறை என்றால் 16 கிராம். 30 கிராம் குழாய் இரண்டு நாள்கூட வராது. 100 கிராம் குழாய் ஆறு நாள் வரும். இதுதான் ஜெல்லின் உண்மையான செலவு. சில நாட்டுப் பெட்டிகள் 2 கிராமில் தொடங்கச் சொல்லும். பெட்டியோடு அளவு அட்டை வந்தால் அதில் பிதுக்கிப் பாருங்கள், கண் அளவு எவ்வளவு தவறாக இருந்தது என்று தெரியும். 1.16% என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது வேறொரு உப்பு, 1% டைக்ளோஃபெனாக் சோடியத்துக்குச் சமமானது.

தடவும் முறை: தோல் உலர்ந்து, காயமின்றி இருக்க வேண்டும். மூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடவ வேண்டும். முழங்காலுக்கு முன்புறம் மட்டும் போதாது. தடவிய கையைக் கழுவுங்கள். கை மூட்டுக்கே தடவினால் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவலாம். அதுவரை குளிக்கவும் கூடாது. காற்றுப் புகாத கட்டுப் போடுவது, மேலே சூடு ஒத்தடம் கொடுப்பது இரண்டும் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே தள்ளும். தடவிய இடத்தில் கடும் வெயில் படாமல் மூடி வையுங்கள். மூட்டுத் தேய்மான வலியில் முழுப் பலன் தெரிய ஒரு வாரம்வரை ஆகலாம். மூன்று வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

இடுப்பு, முதுகு, தொடையின் ஆழத்தில் உள்ள வலிக்கு இதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஜெல் தடவிக்கொண்டே மாத்திரையும் விழுங்கினால் ஜெல்லைத் தேர்ந்ததன் பாதுகாப்பு போய்விடும். முந்தைய பட்டியலில் உள்ள கர்ப்பிணிகளும் ஒவ்வாமை உள்ளவர்களும் ஜெல்லையும் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

டைக்ளோஃபெனாக் மாத்திரை இதே பெயரில் வருவதாலேயே இதே பாதுகாப்பு உள்ளது என்று நினைத்துவிடக் கூடாது. இதய ஆபத்து காரணமாகப் பிரிட்டன் 2015-இல் அந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது.

## பாராசிட்டமால்

வீக்கத்தைக் குறைக்காது. ஆனால் வயிற்றுப்புண் வரலாறு, சிறுநீரகக் கோளாறு, ரத்த உறைவுத் தடுப்பு மருந்து, கர்ப்பம், டெங்கு சந்தேகம் என்று மேலே விலக்கப்பட்ட பெரும்பாலோருக்குக் கையில் இருக்கும் வழி இதுதான். காய்ச்சல், தலைவலி, லேசான உடல்வலிக்கு எல்லோருக்குமே இதில் தொடங்கலாம். கீழ்முதுகு வலிக்கு மட்டும் தனியாக எடுத்தால் பலன் குறைவு.

கெடுவது கல்லீரல். சளி மாத்திரை, காய்ச்சல் பொடி, தலைவலிக் கூட்டு மாத்திரை எனப் பலவற்றுக்குள் பாராசிட்டமால் இருக்கிறது. மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே மருந்தை விழுங்கி 4 கிராமைத் தாண்டுவது எளிது. 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், சாப்பிடாமல் இருப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உச்ச அளவு இன்னும் குறைவு. மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீரில் நுரைத்துக் கரையும் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மி.கி. சோடியம் இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் நாளுக்கு எட்டு மாத்திரை கரைத்துக் குடித்தால் உணவில் குறைத்ததெல்லாம் தம்ளர் வழியே திரும்பி வந்துவிடும்.

## சேர்த்து எடுக்கலாமா?

ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், வலிக்கான அளவில் ஆஸ்பிரின் ஆகியவற்றில் இரண்டை ஒரே நாளில் சேர்க்கக் கூடாது. பலன் கூடாமல் புண் மட்டும் கூடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், முதல் மருந்தின் இடைவெளி முழுதாக முடியட்டும். நாப்ராக்சனுக்குப் பிறகு என்றால் 12 மணி நேரம்.

இவற்றில் ஒன்றோடு பாராசிட்டமால் சேர்ப்பது வேறு. இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்து எடுக்கலாம், பலனும் தனித்தனியாக எடுப்பதைவிட அதிகம். கடைவாய்ப்பல் பிடுங்கிய பின் வரும் வலிக்கு 400 மி.கி. ஐபுபுரோஃபெனும் 1000 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்த ஜோடிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எப்போது எதை எடுத்தீர்கள் என்று தாளில் நேரம் குறித்துவையுங்கள். வலியோடு இருக்கும்போது நினைவு ஏமாற்றும்.

இந்த அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், ஃப்ளுவாக்செட்டின் வகை மருந்துகளும், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் ரத்தக்கசிவு அல்லது புண் ஆபத்தைப் பெருக்கும். லித்தியம் (மனநல மருந்து), மெத்தோட்ரெக்சேட் (மூட்டுவாத மருந்து) எடுப்பவர்களுக்கு அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஆபத்தாக ஏறலாம்.

“சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது” என்பது பாதி உண்மை. எரிச்சல் குறையலாம். புண் வருவது பெரும்பாலும் ரத்தத்தின் வழியே போன மருந்தால் என்பதால் சாப்பாடோ, பூச்சோ, ஆசனவாய் வழியே வைக்கும் மருந்தோ அதைத் தடுத்துவிடாது. நீண்ட நாள் எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கு ஒமிப்ரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரையை மருத்துவர் சேர்த்துத் தருவார். அது இரைப்பையைக் காக்கும்; சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் உதவி இல்லை.

## குழந்தைகளுக்கு

வயதைவிட எடையைப் பார்த்துக் கொடுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 10–15 மி.கி., ஐபுபுரோஃபென் கிலோவுக்கு 5–10 மி.கி. மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பல நாடுகளில் ஐபுபுரோஃபெனுக்கு இந்த எல்லை ஆறு மாதம். சொட்டு மருந்து சிரப்பைவிடப் பல மடங்கு செறிவானது. சிரப்புக்கான மில்லி கணக்கில் சொட்டு மருந்தைக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய விபத்து. சின்னம்மை போட்டிருக்கும் குழந்தைக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம். கடுமையான தோல் தொற்றோடு தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

## இந்த நிலை என்றால் இது

கணுக்கால் சுளுக்கு, முழங்கால் தேய்மானம்: முதலில் ஜெல். பல்வலி: ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும், பிறகு பல் மருத்துவர். மாதவிடாய் வலி: ஐபுபுரோஃபென், இரவு முழுக்கத் தாங்க வேண்டுமென்றால் நாப்ராக்சன். காய்ச்சலின் காரணம் தெரியாதவரை பாராசிட்டமால் மட்டும். அடிக்கடி தலைவலி என்றால் எந்த மாத்திரை என்பதைவிட மாதத்தில் எத்தனை நாள் என்பது முக்கியம். ஒற்றை மருந்து 15 நாள், கூட்டு மாத்திரை 10 நாள் என்ற கணக்கை எட்டிச் சில மாதங்கள் ஓடினால் மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும்.

## உடனே நிறுத்த வேண்டியவை

தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், காபித்தூள் போன்ற வாந்தி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், தோலில் கொப்புளம்: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போகவும். சிறுநீர் குறைந்து கால் வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவும். குடல் ரத்தக்கசிவுக்கு முன் வயிற்றுவலி வந்தே தீரும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு முன்னறிகுறியே இருப்பதில்லை.

பாராசிட்டமால் அளவு மீறிப் போயிருந்தால் உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். நச்சுமுறிவு மருந்தான அசெட்டைல்சிஸ்டீன் முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் காக்கும். விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.